கலைஞர்களுக்குத் தனிப் பந்தல்

மகனே,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தாளை வீணாக்கப் போவதில்லை. நீ பேஸ்புக்கில் போட்டிருக்கும் புதுப் படத்தில் கன்னம் இரண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதியிருக்கிறது. கல்யாண மாப்பிள்ளைக்கு அது போதும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் வாங்குப் பலகையில் குந்தியிருந்தவள், அவ்வளவுதான் என் படிப்பு. என் எழுத்து மழைக்குப் பிறகு நம் லயத்துப் பாதை மாதிரி வளைந்து வழுக்கித்தான் வரும். உன் தங்கச்சி இதைப் பார்த்துத் திருத்தி போனில் அடித்து உனக்கு அனுப்புவாள். அனுப்பியவுடன் உன் பேஸ்புக் பக்கத்திலும் எல்லோரும் பார்க்கும்படி போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் இப்படி என்று நீ குதிப்பாய். குதி. நீ எதையும் ஊருக்கு முன்னால் எழுதுகிற பிள்ளை. உனக்கு மட்டும் காதோடு சொன்னால், "அம்மா, அப்புறம் பேசுவோம்" என்று போனை வைத்துவிடுவாய்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. கோபம் வந்தால் கத்திவிட்டு மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவேன், கூடை நிறைவதற்குள் மறந்துவிடும். இது வேறு. பசியோடு சாப்பிடும்போது சோற்றுக்குள் முடி தட்டுப்படுமே, அதற்குப் பிறகு கறி எவ்வளவு ருசியாக இருந்தாலும் தொண்டைக்குள் இறங்காதே, அது. போன பௌர்ணமி போயா லீவில் நீ போன் எடுத்ததிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன். உன் பக்கத்தில் படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா? அவிசாவளையில் மண்டபம் சரிவந்துவிட்டது என்று நீ சொன்னாய். நான் சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். "தப்படிக்கச் செல்லையாகிட்ட சொல்லிட்டேன்டா. தப்புச் சத்தம் இல்லாம மாப்பிள்ள ஊர்வலத்துல எனக்குக் கால் நகராது" என்றேன்.

"தப்புக்காரன்னு மட்டும் சொல்லிறாதீங்கம்மா. அது அவங்கள இழிவுபடுத்துற சொல்லு. கலைஞர்கள்னு சொல்லணும்."

"சரிடா, கலைஞர் செல்லையா. போதுமா? இல்ல, பொன்னாடையும் போத்திக் கூட்டிட்டு வரவா?"

"சிரிக்காதீங்க. இத நாங்கதான் மொதல்ல மாத்தணும்."

"மாத்துவோம் தொர, மாத்துவோம். செல்லையா, மாரியாயி, அவங்க மக, எல்லாம் எங்க வேன்லதானே வாறாங்க?"

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து வாசலுக்கு வந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அவங்களுக்கு வேற வேன் பேசியிருக்கேன்மா. மண்டபத்துக்கு வெளிய, வாகனம் நிப்பாட்டுற பக்கமா, தனியா ஒரு பந்தல். கலைஞர்களுக்குன்னே போடுறோம். ஃபேன் எல்லாம் இருக்கும்."

"சாப்பாடு?"

"அதே சாப்பாடுதான். பார்சலாக் குடுத்துருவாங்க."

"ஏன், உள்ள பந்தியில உக்காந்தா இல விழுங்கிருமா?"

"உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லலம்மா. அவங்களுக்குத்தான் உள்ள கூச்சமா இருக்கும். பொண்ணு வீட்டுல, நிரோஷாவோட ஆளுங்க, கொஞ்சம் பழைய ஆளுங்க. ஒரு நாள்தானே? யாரு மனசும் நோகாம செய்யப் பாக்குறேன்."

யார் மனசும் நோகாமல்! மகனே, நான் சொன்ன அந்த முடி தட்டுப்பட்டது இந்த இடத்தில்தான். நான் பேசாமல் இருந்ததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். உனக்கு நினைவு தெரிந்து உன் அம்மா பேசாமல் இருந்த நேரம் ஏதாவது உண்டா? அதையாவது யோசித்திருக்கலாம்.

உன் பக்கத்தில் படிக்கிறவர்களுக்கு மாரியாயியைத் தெரியாது. தோட்டத்து வீட்டு வரிசைகளில் கடைசி லயம், அதில் கடைசி அறை, கடைசிக் காம்பரா. செல்லையாவின் பெண்சாதி. நான் இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்குப் பக்கத்துத் தேயிலை நிரை அவளுடையது. நான் பேசுவேன், அவள் பறிப்பாள். கொழுந்து நிறுக்கும்போது அவள் கூடை கனக்கும், என் வாய்தான் வலிக்கும். நீ சின்னவனாக இருந்தபோது மேல் மலையில் குளவி கலைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் கூடையை எறிந்துவிட்டு ஓடினார்கள். நான் வாய்க்காலில் கால் இடறி விழுந்துவிட்டேன். அவளும் ஓடியவள்தான். கொஞ்ச தூரம் ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை உருவி என்மேல் போட்டு, அதற்குமேல் அவளும் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு பட்ட பாட்டை டிஸ்பென்சரியில் மருந்து போட்டவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கிழமை, ஏழு நாளும், அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. "என் முதுகுக்கு நீங்கதான் அக்கா பொறுப்பு, தேச்சு விடுங்க" என்று எண்ணெய்ப் போத்தலோடு நம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. வாசலில்தான் நின்றாள். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். அவளுக்கு நீ தனிப் பந்தல் போட வேண்டுமானால் என் நெஞ்சில் கம்பு நட்டுப் போட்டிருக்கலாம்.

நீ இரத்தினபுரியில் பேசிய கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். நீ வேலை செய்கிற நிறுவனம் இன ஒற்றுமைக்காக வைத்த கூட்டம். எல்லா இனத்து ஆட்களும் வந்திருந்தார்கள். விகாரையிலிருந்து ஹாமதுரு வந்து முன்னால் இருந்தார், மௌலவி இருந்தார், சர்ச் பாதரும் இருந்தார். நீ மேடையில் ஏறி முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் பேசினாய். "எங்களைத் தோட்டக்காட்டான் என்று சொல்லாதீர்கள், கள்ளத்தோணி என்று சொல்லாதீர்கள். சொல் என்பது கல். எறிந்தவனுக்கு மறந்துவிடும், பட்டவனுக்கு மறக்காது" என்றாய். நான் பின்வரிசையில் இருந்து கை வலிக்கத் தட்டினேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மாவிடம் "மகே புதா", என் மகன், என்று வேறு சொல்லிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை பொய் இல்லை.

ஏனென்றால் அந்தக் கல் எனக்கும் பட்டிருக்கிறது. உனக்கும் பட்டிருக்கிறது. நீ சின்னவனாக இருந்தபோது தெரணியகலை பஸ்ஸில் நான் உன்னோடு தமிழில் பேசினால் என் தொடையைக் கிள்ளுவாய். "தமிழ்ல பேசாதீங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று என் காதுக்குள் சொல்வாய். அந்த வயதிலேயே உனக்கு யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. ஒருமுறை கடைவீதியில் நான் பேரம் பேசியது பிடிக்காமல் ஒருத்தன், "இந்தியாவுக்கே போய்த் தொலை" என்று சிங்களத்தில் கத்தினான். நானும் சிங்களத்திலேயே, "போறேன் அண்ணே, டிக்கெட் எடுத்துக் குடுங்க. ஜன்னல் ஓரமா பாத்து எடுங்க, எனக்கு வாந்தி வரும்" என்றேன். கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தேன். என் அப்பாவுக்கு அந்த நாடும் இல்லை, இந்த நாடும் இல்லை. எந்த நாட்டுக்காரன் என்ற பேப்பர் வருவதற்கு முன்பே ரப்பர் மரத்தடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே சொல் பெரிய விஷயம் இல்லை, விட்டுத்தள்ளு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நீ அந்த மேடையில் பேசியது அத்தனையும் உண்மை. அதனால்தான் அந்தச் சோற்று முடி இப்போது எனக்கு இரண்டாகத் தட்டுப்படுகிறது.

நம்மைத் தோட்டத்துக்கு ஏற்றி இறக்குகிற த்ரீவீலர் சுனில் இருக்கிறானே, அவன் என்னை "தெமள அக்கே", தமிழ் அக்கா, என்றுதான் கூப்பிடுவான். நான் அவனை "சிங்களத்து மாப்பிள்ளே" என்பேன். போன வருஷம் நீ வந்திருந்தபோது, அப்படிச் சொல்லக்கூடாது, அது இனத்தைக் குறிவைக்கும் பேச்சு என்று அவனை நிற்கவைத்துப் பாடம் எடுத்தாய். அதற்குப் பிறகு பாவம், என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் ஹோர்ன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். நான் என்ன மாடா, ஹோர்ன் அடித்து விலக்க? இப்போது வெறும் "அக்கே" என்கிறான். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. நீ சொன்னது பிழை என்று நான் நினைக்கவில்லை. நான் சிரித்ததால் அந்தச் சொல் இனிப்பாகிவிடாது. அவன் வேறு யாரையாவது அப்படிக் கூப்பிட்டு, அவர்களுக்குச் சிரிக்க வராமல் போயிருக்கலாம்.

ஆனால் பார், அந்தச் சுனிலுக்கு உன் கல்யாணத்தில் முன்வரிசை. அவனே வந்து சொன்னான், புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறானாம். ஹாமதுருவுக்கு வெள்ளைத் துணி விரித்த நாற்காலி. மௌலவிக்கு வேறாகச் சமைத்த சாப்பாடு. கார்டு மூன்று மொழியிலும் அச்சடித்து, கீழே "இலங்கையராய் இணைகிறோம்" என்று போட்டிருக்கிறாய். அது கல்யாணக் கார்டா, தேர்தல் நோட்டீஸா என்று உன் சித்தப்பா கேட்டார். நான் அவரை அதட்டினேன். எல்லா இனமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் படம் பிடித்து நீ போடுவாய். நூறு பேர் இதயம் போடுவார்கள். அந்தப் படத்தில் வாகனம் நிறுத்துகிற பக்கம் தெரியாது. நம்மோடு மலை ஏறுகிறவள், நம் மொழி பேசுகிறவள், நம் மாரியம்மனையே கும்பிடுகிறவள், கையில் பார்சலோடு வேனுக்குப் பக்கத்தில் இருப்பாள். நாட்டையே பந்தியில் உட்கார வைக்க உனக்கு மனசு இருக்கிறது. கடைசிக் காம்பராவுக்கு மட்டும் இடம் இல்லை. இதற்குப் பெயர் என்ன, மகனே? நீ படித்தவன், நல்ல சொல்லாக ஒன்று கண்டுபிடி பார்ப்போம்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். மாரியாயி வீட்டாரின் சாதிப் பெயரை வாய் நிறையச் சொல்லுகிற ஆள். சொன்னால் நான் சண்டை பிடிப்பேன், அவரும் பிடிப்பார், அன்றைக்கு அடுப்பு எரியாது. அது அசிங்கம்தான், நாறுகிறது. நாறுவதால் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியும், கூட்டி அள்ளலாம். நீ அதே சாமானை எடுத்து, கழுவி, பவுடர் போட்டு, ஃபேனும் மாட்டி வைத்திருக்கிறாய். உன் அப்பா "அவங்கள வெளியில வை" என்பார். நீ "கலைஞர்களுக்குத் தனிப் பந்தல்" என்கிறாய். இரண்டு பேரும் அவளை உட்கார வைப்பது ஒரே இடத்தில். இதைச் சொன்னபோது உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ஏம்மகன் என்னைய மாதிரிதான்" என்றார். பிள்ளை தன்னை மாதிரி வந்திருக்கிறான் என்று அந்த மனிதர் இதுவரை உன்னைப் பற்றிச் சொன்னதே இல்லை. எதற்குச் சொன்னார் பார்.

நிரோஷா வீட்டாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. என்னோடு போனில் பேசும்போது வாய்க்கு வாய் கொடுக்கிறது, அதனால் எனக்குப் பிடிக்கும். அவள் வீட்டில் யார் இதைக் கேட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தோன்றுகிறது. இரத்தினபுரி மேடையில் முன்பின் தெரியாத ஆட்களிடம் சொன்னதை, மாமனார் வீட்டு வரவேற்பறையில் நான்கு பேரிடம் சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை. மேடையில் கைதட்டுவார்கள், அங்கே முகம் சுளிப்பார்கள். கைதட்டுகிற இடத்தில் மட்டும் வருகிற வீரத்தை நான் கூத்து மேடையில் பார்த்திருக்கிறேன். ராசா வேஷம் கட்டியவன் கூத்து முடிந்ததும் வாளை அக்குளில் சொருகிக்கொண்டு கடன்காரனுக்குப் பயந்து பின்பக்கமாகப் போவான்.

இதையெல்லாம் மூடி வைத்துக்கொண்டு மாரியாயியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை மலையில், கொழுந்து பறித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். பந்தல், வேன், பார்சல், எல்லாவற்றையும். அவள் கை நிற்கவில்லை.

"ஃபேன் வேற இருக்காக்கா?" என்றாள்.

"இருக்காம்."

"அப்ப எங்க காம்பராவ விட நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என்னோடு பழகிப் பழகி அவளும் என்னை மாதிரியே ஆகிவிட்டாளே என்று இருந்தது. கடைவீதியில் நான் சிரித்த அதே சிரிப்பு அது.

"ஏங்கூட வா புள்ள" என்றேன். "ஓங் கையப் பிடிச்சு முன்வாசலால கூட்டிட்டுப் போறேன். என் பக்கத்துல இல போடச் சொல்றேன். எவன் எழும்புறான்னு பாப்போம்."

அப்போதுதான் அவள் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒங்க வீட்டுச் சண்டைக்கு என்னைய ஏங்க்கா கம்பாத் தூக்குறீங்க? எல்லாரும் என் இலையப் பாத்துக்கிட்டு இருக்க, நான் எப்படிச் சோறு திங்கிறது? ஒங்களுக்கு அது வீரம். எனக்கு அது வயித்துக்குள்ள போகுமா?"

நீ கொடுத்த பந்தலுக்கும் நான் கொடுத்த முன்வாசலுக்கும், அவளைக் கேட்காமல் செய்ததில் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குப் பட்டது. பிறகு அவளே சொன்னாள்: "கல்யாணத்துக்குக் கூப்பிடுறதுன்னா முறை இருக்குல்ல? ஒங்க மகன் வெத்தில பாக்கு எடுத்துக்கிட்டு எங்க காம்பராவுக்கு வரட்டும். வாசல்ல வச்சிட்டு ஓடாம உள்ள வந்து உக்காரட்டும். நான் குடுக்கறத வாயில வைக்கட்டும். அதுக்கப்பறம் அவரு எங்க உக்காரச் சொல்றாருன்னு என் மூஞ்சியப் பாத்து அவரு வாயால சொல்லட்டும். போறதா வேணாமான்னு நாங்க முடிவெடுத்துக்கிறோம்."

நம் தோட்டத்தில் இந்த முறை உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வெற்றிலைத் தட்டோடு லயம் லயமாகப் போவோம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே கூப்பிட்டுப் பாய் விரிப்பார்கள், ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். கடைசி லயத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் திடீரென்று அவசரம் வந்துவிடும். வெற்றிலையை வாசல் கல்லில் வைத்து, "வந்துருங்க" என்று சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த வீட்டு ஆட்கள் வெளியே வந்து கல்லிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கல்யாண வெற்றிலை கைக்குக் கை வந்ததே இல்லை. அவள் கேட்பது அவ்வளவுதான். முன்வரிசையைக் கேட்கவில்லை.

ஆகவே இதுதான் விஷயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. காரை ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வா, கன்னம் கொஞ்சம் வற்றட்டும். தட்டை நான் எடுத்து வைக்கிறேன். உன்னோடு நான் வரமாட்டேன், உன் அப்பாவும் வரமாட்டார். நீ தனியாகப் போக வேண்டும். அங்கே என்ன சொல் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வராதே. அந்த அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது. நீ நடக்கப் பழகிய காலத்தில் "மாயி, மாயி" என்று அவள் பின்னால் ஓடியிருக்கிறாய். நீ போகாவிட்டால் நான் உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன். அழமாட்டேன், சாபம் விடமாட்டேன், பேஸ்புக்கில் இன்னொரு கடிதமும் போடமாட்டேன். உன்னைப் பெற்றவளுக்கு அன்றைக்கு மலையில் வேலை இருந்தது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொள். மரியாதையான காரணம்தான்.

நீ வருவாய் என்று உன் தங்கச்சி சொல்கிறாள். எனக்கும் வருவாய் என்றுதான் தோன்றுகிறது. அந்தக் காம்பராவுக்குள்ளும் போவாய், பாயிலும் உட்காருவாய், நன்றாகவும் பேசுவாய். பிறகு மாரியாயி தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டுவாள். அதை நீ குடிப்பாயா, இல்லை வாயருகே கொண்டுபோய்விட்டு, சூடாக இருக்கிறது என்று கீழே வைப்பாயா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பெற்று வளர்த்த பிள்ளை. எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா